ஆணி கழற்றிய பலகை

உயரத்தில் தொங்குகிறவன்தான் விழுவான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். என் வீட்டுக்காரர் கெட்டியான தரையில், இரண்டு காலையும் ஊன்றி நடந்துபோய்த்தான் விழுந்தார்.

அவர் தச்சர். கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்னால் பலகை அடைக்கிற வேலை. அதே கட்டடத்தில் ஊற்றிய தளம் காயாமல் தண்ணீர் விடுவது நான். என் தம்பி அங்கேயே குழாய் வேலை பார்க்கிறான். "குடும்பமே சேர்ந்து கட்டடத்தைத் தூக்கி நிறுத்துதுப்பா" என்று கண்காணி கிண்டலடிப்பார்.

குழாய் இறங்குவதற்காக ஒவ்வொரு தளத்திலும் சதுரமாக ஓட்டை விட்டிருப்பார்கள். ஓர் ஆள் தாராளமாக உள்ளே போய்விடலாம். அதன்மேல் பலகை போட்டு, மூலைக்கு மூலை ஆணி இறக்கி, சிவப்புப் பெயிண்டில் 'ஓட்டை' என்று எழுத வேண்டும். அந்த வேலையை இவர் யாரிடமும் விடமாட்டார். "சும்மா மூடி வச்சா ஆபத்துடி. கிடக்குற பலகையைப் பாத்தா எனக்கே கை அரிக்குது. எவனாவது தூக்கிட்டுப் போயிடுவான்" என்பார். தச்சர்கள் எல்லோருக்கும் அதே புத்திதான். வளையாத பலகை ஒன்று கண்ணில் பட்டால் போதும், புதையல் கிடைத்த மாதிரி தூக்கிக்கொண்டு நடப்பார்கள்.

அன்றைக்கு டீ குடித்துவிட்டு மேலே வந்தார். அடைப்புக்கு ஒரு பலகை குறைகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே சுற்றுமுற்றும் பார்த்தார். தரையில் கிடந்த ஒன்றைத் தூக்கி நிமிர்த்தினார். அகலமான பலகை. மார்போடு அணைத்துப் பிடித்தால் முன்னால் இருக்கிற தரை தெரியாது. தளத்தின் மறுகோடியில் நின்ற என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்து, "ஏய், என் மேலயும் கொஞ்சம் தண்ணி அடி, வெயில் தாங்கல" என்று சிரித்தார். "உங்களுக்கு வேற வேலையே இல்ல" என்று நான் திரும்பிக்கொண்டேன்.

மறுபடி பார்த்தபோது பலகை தரையில் கிடந்தது. ஆளைக் காணோம். "எங்க போனீங்க?" என்றேன். விளையாடுகிறார் என்று நினைத்து, ஐயோ, சிரித்துக்கொண்டே இன்னொரு தடவையும் கேட்டேன். அது மூடியிருந்த ஓட்டைக்குள் அவர் போனதும் அந்தப் பலகை அதன் மேலேயே சாய்ந்து மூடிக்கொண்டுவிட்டது. கீழே ஆட்கள் அலறிய பிறகுதான் எனக்குப் புரிந்தது. நான் இறங்கிப் போவதற்குள் எல்லாம் முடிந்துபோயிருந்தது.

இன்ஜினியர் பலகையைப் புரட்டிப் பார்த்தார். சிவப்பு எழுத்து இருந்தது, ஆணிதான் இல்லை. "எழுதியிருந்தும் அவரே எடுத்திருக்காரும்மா. கவனக்குறைவு. நாங்க என்ன பண்ண முடியும்?" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கட்டடம் முழுக்க ஆணி அடித்த மனுஷனா கவனம் இல்லாதவர்? "அவரு அடிச்ச ஆணி எங்க சார் போச்சு?" என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் போன துக்கம் ஒரு பக்கம். அஜாக்கிரதையால் செத்தார் என்ற பேரோடு போகிறாரே என்ற ஆத்திரம் இன்னொரு பக்கம்.

தம்பி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. அடக்கம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு, நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றான்.

"அக்கா, ஆணியைக் கழட்டினது நான்தான்."

நான் கழுவுவதை நிறுத்தினேன்.

"குழாய் நேரா இறங்குமான்னு தூக்குநூல் விட்டுப் பாத்தேன். அதுக்குள்ள கீழ கூப்பிட்டாங்க. அப்புறம் வந்து அடிச்சுக்கலாம்னு சும்மா மூடி வச்சேன். அவசரத்துல எழுத்து அடிப்பக்கம் போயிருக்கு. மாமா எங்கூடத்தான்க்கா டீ குடிச்சாரு. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லத் தோணவே இல்ல."

ஈரக் கையோடு அறைந்தேன். மறுபடியும் அறைந்தேன். அவன் நகரவே இல்லை. கடைசியில் அவனையே கட்டிக்கொண்டு அழுதேன். வேறு யாரைப் போய்க் கட்டிக்கொள்வது?

"நாளைக்கு வந்து எல்லார் முன்னாடியும் இதைச் சொல்லு" என்றேன்.

"வேலை போயிடும்க்கா. போலீஸ் வரும்."

"வரட்டும். அவரால எந்திரிச்சு வந்து சொல்ல முடியாதுடா. நீ சொல்லு."

சொன்னான். காலையில் வேலை தொடங்குமுன் ஆட்கள் கூடி நிற்கிற இடத்தில், ஒன்றுவிடாமல் சொன்னான். இன்ஜினியர் தலையைக் குனிந்துகொண்டார். ஒயரிங் வேலை செய்கிறவர், "மேல்மாடியில நானும் ஒண்ணைக் கழட்டிட்டு அப்படியே வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டுப் படிக்கட்டைப் பார்த்து ஓடினார். அவர் பின்னால் இன்னொருவர் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்புறம் இன்னும் சிலர். ஒவ்வொரு மாடியிலும் ஆணி அறைகிற சத்தம் கேட்டது. பாவிகளா, இதைத்தானே அந்த மனுஷன் தொண்டை வற்ற வற்றச் சொன்னார்! நான் மணல் குவியலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் போலீஸ் வண்டி வந்தது. ஏறுவதற்கு முன்னால் தம்பி என்னிடம் வந்து, "மன்னிச்சிரு அக்கா" என்றான்.

அவர் இருந்திருந்தால், "விடுடி, நம்ம பய, தெரியாம செஞ்சுட்டான்" என்று முதல் ஆளாக மன்னித்திருப்பார். எனக்கு அந்த மனசு வரவில்லை. எத்தனை முயன்றும் அந்த ஒரு சொல் வாயில் வரவில்லை. வண்டிக் கதவைச் சாத்தப் போனார்கள்.

"சாப்பிட்டியாடா?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையாட்டினான்.