காளானுக்கு முன் ஒரு கேள்வி

காளான் தின்றால் மனம் சுகப்படும் என்று என் தம்பி வந்து சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எடேய், அது மழைக்குப் பிறகு பிடுங்கிக் கறி வைக்கிற சாமான். அதுக்கு மருந்தெண்டு பேரோ?"

"இது வேறை காளான், அக்கா" என்றான் பேரின்பநாதன். பேரைப் பாருங்கள்! அவன் சிரித்து ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது.

அது 1987. நாங்கள் வந்து சேர்ந்த, பிரெஞ்சு பேசும் நகரத்தின் டவுன்டவுனில் ஒரு ரெஸ்டோரன்டில் அவன் கோப்பை கழுவினான். நகரத்தின் ஓரத்தில், லாசாலில் எங்களோடுதான் இருந்தான். வேலையால் வந்து படுப்பான், கண் மூடமாட்டான். டொக்டர் தந்த நித்திரைக் குளிசையைப் போட்டும் முகட்டைப் பார்த்தபடி கிடந்தான். ஊரில் ஆமிக் காம்பில் பட்ட அடிதான் காரணம் என்று வீட்டில் எல்லோரும் தீர்மானித்திருந்தோம். அவனிடம் யாரும் கேட்கவில்லை.

அவனோடு வேலை செய்த பிரெஞ்சுச் சமையல்காரன் ஒருவன், பெண்சாதி செத்த துக்கத்தில் கிடந்தவன், தெரேஸ் என்றொரு பெண்ணிடம் போய்த் தேறினானாம். அவள் மனநோய் பற்றிப் படித்தவள். சட்டத்துக்குத் தெரியாமல், தெரிந்த ஆட்களுக்கு மட்டும், பக்கத்திலேயே இருந்து காளான் கொடுப்பாளாம். தம்பி அந்தச் சமையல்காரனைக் கூட்டிக்கொண்டு இரண்டு தரம் போய் அவளோடு கதைத்திருந்தான். வீட்டு ஆள் ஒருவர் வந்து கூட இராவிட்டால் தரமாட்டேன் என்று அவள் அடித்துச் சொல்லிவிட்டாளாம்.

"நீ வா அக்கா. உனக்கு இங்கிலிஸ் வரும்."

ஊரில் தபாற்கந்தோரில் வேலை பார்த்தவள் நான். எனக்குப் பயம் பாதி, என்ன நடக்கிறதென்று விடுப்புப் பார்க்கும் ஆசை பாதி. உள்ளதைச் சொன்னால் ஆசைதான் கூட.

மந்திரவாதி போல ஒருத்தியை எதிர்பார்த்துப் போனேன். கதவைத் திறந்தது மூக்குக்கண்ணாடி போட்ட, கம்பளிக் காலுறையோடு நின்ற ஐம்பது வயதுக்காரி. "போன்ஜூர்" என்று உள்ளே கூப்பிட்டாள். சோபா, போர்வை, பக்கத்தில் ஒரு வாளி. வாளி எதற்கு என்று கேட்டேன். வயிற்றைப் பிரட்டிச் சத்தி வந்தால் எடுக்க என்றாள். மேசையில் துணியால் மூடிய ஒரு சின்னத் தட்டு. நான் எட்டி எட்டிப் பார்ப்பதைக் கண்டு அவளே துணியை விலக்கிக் காட்டினாள். காய்ந்த நெத்தலி மாதிரிச் சுருண்டு கிடந்தது. இதுக்கோ இவ்வளவு எடுப்பு என்று நினைத்தேன்.

தட்டை அவள் கிட்டக் கொண்டுவரவில்லை. முதலில் கேள்விகள். நெஞ்சு வருத்தம் இருக்கிறதா, குளிசையை எப்போது விட்டாய், குடிப்பாயா, இன்று இரவு உன்னோடு யார் இருப்பார்? அவள் இங்கிலிஸில் கேட்பதை நான் தமிழில் கேட்டேன். அவன் மறுமொழி சொன்னான்.

"குடும்பத்தில் யாருக்காவது விசர், புத்தி பேதலிப்பு இருந்ததா?"

நான் கேட்டு வாய் மூடவில்லை. "இல்லை" என்றான் தம்பி.

எங்கள் வீட்டில் அந்தக் கேள்விக்கு அதுதான் மறுமொழி. கலியாணம் பேச வருகிற ஆட்கள் முதலில் விசாரிப்பது அதைத்தானே. என்னைப் பெண் கேட்டு வந்தபோதும் அம்மா கண் வெட்டாமல் அப்படித்தான் சொன்னா. பின்வளவுக் கொட்டிலில் சின்னமாமா சங்கிலியோடு இருந்ததைப் பற்றி நாங்கள் பிள்ளைகள்கூட வெளியில் மூச்சு விட்டதில்லை.

நானும் 'நோ' என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். என் விடுப்புக் குணம் விட்டால்தானே.

"ஏன் இதைக் கேட்கிறீர்கள்? சம்பந்தமா பேசப் போகிறீர்கள்?" என்றேன்.

தெரேஸ் சிரிக்கவில்லை. "குடும்பத்தில் அது இருந்தால், இந்தக் காளான் இவருக்குள்ளும் அதை எழுப்பிவிடக் கூடும். எழும்பினால் திரும்ப அடங்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியாது."

என் முகம் மாறியதைத் தம்பி கண்டுவிட்டான்.

"அக்கா, சொல்லிப்போடாதை. உன்னைக் கும்பிட்டன். எனக்கு இதை விட்டால் வேறை வழியில்லை."

"பொத்தடா வாயை!" என்று கத்தினேன். கத்தின கையோடு எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் கொட்டினேன். அம்மாவின் தம்பி, கொட்டில், சங்கிலி, சாகும்வரைக்கும் என்று ஒன்றும் விடவில்லை.

தெரேஸ் எழுந்து தட்டை மூடி, அலுமாரியில் வைத்துப் பூட்டினாள். "இது உங்களுக்கு இல்லை. வேறு யார் தந்தாலும் வாங்க வேண்டாம்" என்றாள்.

"என்ரை வாயிலை மண்ணைப் போட்டிட்டாய்" என்றான் தம்பி. "நீயெல்லாம் ஒரு அக்காவோ?"

எனக்கு ஏச்சு வாய்வரை வந்தது. ஆனால் தெரேஸ் எங்களை அனுப்பிவிடவில்லை. கதிரையை இழுத்து அவனுக்கு எதிரே போட்டு இருந்துகொண்டு, "அந்த மாமாவுக்கு எத்தனை வயதில் தொடங்கியது?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது. இருந்தும் தமிழில் கேட்டு வைத்தேன்.

"முப்பத்திரண்டு" என்றான் தம்பி.

"உனக்கெப்பிடித் தெரியும்? நீ அப்ப பிறக்கவே இல்லை."

"அம்மா ஒருக்காச் சொன்னவ. எனக்கு வாற மாசம் முப்பத்திரண்டு, அக்கா." அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "அவரும் முதல்லை நித்திரை இல்லாமல்தானாம் கிடந்தவர். நான் கண்ணை மூடினால், எழும்பேக்கை விசரனாய்த்தான் எழும்புவன் எண்டு பயம். காளான் அதை எழுப்பிவிடுமெண்டு சமையல்காரன் முந்தியே சொன்னவன். வாறதெண்டால் இண்டைக்கே வந்து துலையட்டும், நீ பக்கத்திலை இருக்கேக்கை வரட்டும் எண்டுதான் இஞ்சை வந்தனான்."

ஐயோ, என் பிள்ளையே! அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். பிடித்த கையை விடாமலே அதைத் தெரேஸுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன்.

"மாமாவுக்கு வந்தது உங்களுக்கும் வந்தே ஆக வேண்டும் என்று இல்லை" என்றாள் அவள். "தெரிந்த டொக்டர் ஒருவரிடம் அனுப்புகிறேன். இங்கேயும் வாருங்கள். காளான் இல்லாமல் கதைப்போம்."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"மாமாவைப் பற்றி."

அவன் கதைத்தான். சின்னமாமா கொட்டிலுக்குள் இருந்து அவனுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்ததையெல்லாம் அன்றைக்குத்தான் நான் முதன்முதல் கேட்டேன். தெரேஸ் ஊற்றி வைத்த தேத்தண்ணி ஆறிப்போய் அப்படியே கிடந்தது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் என் தோளில் அவன் தலை சாய்ந்தது. வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு நித்திரை கொண்டான். அங்ரிஞோனில் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். நீல உடுப்புப் போட்ட ஒருவன் வந்து, இதுதான் கடைசி ஸ்டேஷன், இறங்குங்கள் என்று பிரெஞ்சில் சொன்னான்.

"கொஞ்சம் பொறு ராசா, இப்பத்தான் நித்திரை கொள்ளுறான்" என்று நான் தமிழிலேயே சொன்னேன்.