மீட்டரைக் குறைத்த மெஷின்

வாஷிங் மெஷின் வாங்கியதால் மின்சாரச் செலவு பாதியாகக் குறைந்த வீடு இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது என் வீடு. சிரிக்கிறவர்கள் சிரித்து முடித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன். முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுத்து ஓய்வு பெற்றவன் நான். நாய் கடித்துக்கொண்டிருக்கும்போதுகூட ஓர் எண்ணைத் தப்பாக எழுதியதில்லை.

ஈரப் போர்வைகளை முறுக்கி முறுக்கி என் மனைவிக்கு மணிக்கட்டு போய்விட்டது. இனிமேல் கைக்குட்டைகூடப் பிழியக் கூடாது என்றார் டாக்டர். கடைக்குப் போனோம். அங்கே ஒரு மெஷினின் நெற்றியில் ஐந்து நட்சத்திரம். ராணுவத் தளபதிக்கே அத்தனை இருக்குமோ என்னவோ.

"கரண்ட்டை மோந்து பார்க்கும், அவ்வளவுதான் சார்" என்றார் விற்பனையாளர்.

கூட வந்திருந்த மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். சுவிட்சைப் போட்டு விளக்கு எரிந்தாலும் நம்பாமல் இன்னொரு தடவை போட்டுப் பார்க்கிற ஆள்.

"புதுசா ஒண்ணு வந்தா ரீடிங் ஏறத்தான் செய்யும் அத்தான். ஸ்டிக்கர் ஒட்டினா இறங்கிடுமா?"

"ஏறாது மாப்ள. எழுதி வெச்சுக்கோ."

"பதினஞ்சு நாள்ல முன்னைவிட ஒரு யூனிட் ஏறினாலும் மெஷினைத் திருப்பிக் குடுத்துடணும். சம்மதமா?"

வாய்க்கொழுப்பில் சம்மதித்துத் தொலைத்தேன். மனைவி கட்டுப் போட்ட கையை என் மூக்குக்கு நேராக நீட்டினாள். "மெஷின் போச்சுன்னா போர்வையெல்லாம் நீங்கதான் பிழியணும்."

மெஷின் மட்டும் எவ்வளவு இழுக்கிறது என்று பார்க்க வேண்டுமானால் வீட்டில் வேறெதுவும் ஓடக் கூடாது. தொழில் சுத்தம்! ஏசி, ஹீட்டர், ஃபிரிட்ஜ், டிவி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்தேன். சிக்கனப் பொத்தானை அழுத்தினேன். மூன்று மணி நாற்பது நிமிஷம் என்று காட்டியது. அதற்குள் பருத்தி விதைத்து, நூல் நூற்று, புதுச்சட்டையே தைத்துவிடலாம். மீட்டருக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். என் மேல் வழிந்த வியர்வையில் இன்னொரு ஈடு துணி அலசியிருக்கலாம்.

மூன்றாம் நாள் ரீடிங்கை எட்டிப் பார்த்த மனைவிக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது.

"ஏங்க, ரெண்டு கைக்குட்டை கிடக்கு. போட்டுடட்டுமா?"

"ரெண்டுக்காகவா?"

"சோதனைன்னா முழுசாப் பண்ண வேண்டாமா?"

அன்றிலிருந்து காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை; இரண்டு தடவையும் வீட்டில் மற்றதெல்லாம் அணைந்தே கிடந்தன. துவைத்ததையே துவைத்தாள். ஜன்னல் திரையிலிருந்த பூக்களெல்லாம் உதிர்ந்தே போயின. எனக்கும் புரிந்தது, வாயைத் திறப்பேனா?

பதினைந்தாம் நாள் மனைவியின் தம்பி வந்தான். முந்தைய பதினைந்து நாளுக்கு நூற்றுப் பத்து யூனிட். இப்போது ஐம்பத்து நான்கு. மீட்டரைத் தட்டினான். அதிலிருந்த முத்திரையைத் தடவினான். மூன்று தடவை கழித்துப் பார்த்தான்.

"என்ன தில்லுமுல்லு அத்தான் இது? மெஷின் ஓடும்போது மத்ததெல்லாம்..."

"அணைச்சுத்தான் வெச்சோம்" என்றாள் அக்கா. "அளக்கணும்னா அணைக்காம? அணைக்கக் கூடாதுன்னு நீ சொன்னியாடா? முன்னைவிட ஏறக் கூடாதுன்னுதானே சொன்னே. ஏறிச்சா?"

அவன் அக்காவின் மணிக்கட்டைப் பார்த்தான். மறுபடி மீட்டரைப் பார்த்தான்.

"ஏறலைக்கா. இறங்கித்தான் இருக்கு. அதுவும் இந்த மெஷின் வந்த பிறகுதான் இறங்கியிருக்கு. யார் கேட்டாலும் நானே சொல்றேன், போதுமா?"