ரேடியேட்டர் மூடியில் என் கையெழுத்து

மெக்கானிக் ஆனந்தனை நான் நம்பியதே இல்லை. அணுபுரத்தில் பாதிப் பேருக்கு அவன்தான் வண்டி பார்க்கிறான். அதுவே எனக்குச் சந்தேகம். எங்கள் காரைப் பார்த்துவிட்டு, "சார், எஞ்சின் தண்ணி குடிச்சிகினு கீது. ஹெட் கேஸ்கெட் போயிருக்கும். பிரிச்சுப் பாக்கணும்" என்றான். எஞ்சினுக்குள் தண்ணீரையும் ஆயிலையும் பிரித்து வைக்கும் தகடு அது. பிரிக்கிற சாக்கில் நல்ல பார்ட்ஸைக் கழற்றிக்கொண்டு குப்பையை மாட்டிவிடுவான் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இருபது வருஷப் பழைய கார். என் மனைவி கல்யாணிக்கு அவள் அப்பா விட்டுப்போனது. அதில்தான் தினமும் செய்யூர் பள்ளிக்கூடத்துக்குப் பாடம் நடத்தப் போகிறாள். அதில் ஒருத்தன் கைவைக்க நான் விடுவேனா?

மூன்று ஞாயிற்றுக்கிழமை ரேடியேட்டரைத் திறந்து பார்த்தேன். தண்ணீர் மூடிவரை நின்றது. மாட்டினான் ஆனந்தன் என்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆனாலும் ஆதாரம் வேண்டுமே. நான் வேலை பார்க்கும் பிளான்ட்டில் நாங்கள் எதையும் வாயால் சொல்வதில்லை. டேப் ஒட்டி, தேதி போட்டு, கையெழுத்துப் போடுவோம். திங்கட்கிழமை ரேடியேட்டர் மூடிக்கும் அப்படியே செய்தேன். ஒரு வாரம் கழித்து அவன் முன்னாலேயே டேப்பைப் பிரித்து, குறையாத தண்ணீரைக் காட்டி மானத்தை வாங்குவதாகத் திட்டம். கல்யாணியிடம் சொல்லவில்லை. அவள் அவன் பக்கம்தான் பேசுவாள்.

அதே வாரம் வியாழக்கிழமை, செய்யூர் ரோட்டில் வண்டி வெள்ளைப் புகை கக்கி நின்றுவிட்டது. ஆனந்தன் ஷெட்டுக்குக் கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். நான் போனபோது ஆனந்தன் ஆயில் அளக்கும் கம்பியை உருவிக் காட்டினான். ஆயில் பால் டீ மாதிரி இருந்தது.

"ஆயில்ல தண்ணி கலந்துச்சி. ரேடியேட்டர்ல சொட்டுத் தண்ணி இல்லாம ஓடி எஞ்சின் ஜாம் ஆய்டுச்சி. இனிமே ஒண்ணியும் பண்ண முடியாது சார்."

"நீதான் எதையாவது தொறந்து விட்டிருப்ப" என்றேன்.

அவன் கோபப்படவில்லை. மூடியைக் காட்டினான். "உங்க டேப்பு அப்டியே கீதே சார்."

இருந்தது. என் கையெழுத்தும் திங்கட்கிழமைத் தேதியும் கலையாமல் இருந்தன.

கல்யாணி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். "ஆனந்தன் சொன்னதிலேர்ந்து தெனம் காலைல ஒரு பாட்டில் தண்ணி நான்தான் ஊத்திட்டிருந்தேன்" என்றாள். "நீங்க பிரிக்க விடமாட்டீங்கன்னு தெரியும்."

மூடியிலிருந்த டேப்பைத் தொட்டுப் பார்த்தேன். "டேப்பைக் கிழிச்சிட்டு ஊத்தியிருக்கலாமே."

"பரண் பெட்டில ஒட்டின டேப்பு கிழிஞ்சதுக்கே மூணு நாள் விசாரிச்சீங்க. அதுக்குப் பயந்து, நீங்க டேப்பை எடுக்கற வரைக்கும் வண்டி தாங்கும்னு நெனச்சிட்டேன்."

எழுந்தாள். சாவிக்காகக் கையை நீட்டினேன். அவள் அதை ஆனந்தனிடம் கொடுத்துவிட்டு, பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.