சங்குமுனையில் என்ன இருக்கிறது?

இருபது வருஷமாக டிக்கோயா கடைத்தெருவில் கருவாடு விற்கிறேன். ஆனால் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை. "மஃறூப் முதலாளி கடல் பார்க்காத கருவாட்டுக் கடைக்காரர்" என்று ஊரே கேலி பண்ணும். அதனால் அந்த ஞாயிற்றுக்கிழமை பூரணி என் கடை வாசலில் நின்று வியாபாரி செபமாலையைக் கேள்வி கேட்டுக் குடைந்தபோது எனக்கும் காது நீண்டுதான் இருந்தது. வெளியே மட்டும் எரிச்சல் காட்டிக்கொண்டேன்.

செபமாலை வடக்கே சங்குமுனை என்ற சின்ன மீன்பிடித் துறையைச் சேர்ந்தவர். மாதம் ஒரு தடவை லொறியில் கருவாட்டுச் சிப்பம் கொண்டு வருவார். பூரணி பக்கத்துத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் அழகுமுத்து அதே தோட்டத்து ஃபெக்டரியில் எஞ்சின் பார்த்தவன். அங்கே மேலாளான டீமேக்கரோடு முறைத்துக்கொண்டு, ஆறு மாதத்துக்கு முன் சங்குமுனைக்குப் போய்விட்டான். அங்கே ஐஸ் அறையில் எஞ்சின் வேலை, பேரை வெட்டிக்கொண்டு நீயும் வந்துவிடு என்று இப்போது கடிதம் போட்டிருக்கிறான்.

பேரை வெட்டுவது விளையாட்டுக் காரியமில்லை. தோட்டத்துப் புத்தகத்தில் பேர் இருக்கும்வரைதான் லயத்தில் குடியிருக்கக் காம்பரா. பேரை வெட்டி, வேலையை விட்டதற்கான பத்துச்சீட்டை வாங்கிவிட்டால் காம்பராவும் போச்சு, திரும்பி வந்து நின்றாலும் துரை எடுக்க மாட்டார். மறுநாள் காலை பெரட்டில் பேர் கூப்பிடும்போது, வெட்டுவதா இல்லையா என்று அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அண்ணே, அங்க மீனை நிறுக்கும்போது கூடைக்குன்னு எத்தன ராத்தல் வெட்டுவாங்க?" என்று கேட்டாள்.

செபமாலை விழித்தார். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கு, ஈரத்துக்கு என்று கணக்கப்பிள்ளை கழிப்பதை நான்தான் விளக்க வேண்டியதாயிற்று.

"அங்கை நிறுக்கிறேல்லை, பிள்ளை. மணலிலை குவிச்சு வைச்சு ஏலம் கூறுவினம். எல்லாருக்கும் கேக்கும்."

"எல்லாருக்கும் கேக்கவா?" பூரணிக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது. சிரித்தாள்.

அடுத்து விளக்கு. கரையில் உயரமான விளக்கு இருக்கிறதாம், விடியும்வரை எரியுமாம். வலைக்குக் கொட்டகை உண்டு. மீன்பிடி வள்ளங்களைக் கரையில் ஏற்றிப் பழுது பார்க்கத் தனி இடம் உண்டு. டாக்டர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். தண்ணீர்க் குழாய் இறங்குதுறையில் ஒன்றே ஒன்று, அதுவும் வள்ளக்காரர்களுக்கு. மற்றவர்கள் கால் மைல் நடந்து கிணற்றில் அள்ள வேண்டும்.

"குடியிருக்கண்ணே?"

"ஓலைக் கொட்டில்தான்."

"காத்தடிச்சா?"

"பறக்கும். திருப்பிக் கட்டுவம்."

"இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாத, புள்ள" என்றேன். அவள் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை.

"ஐஸ் அறை பெருசாண்ணே? அவரோட எஞ்சின் நிக்காம ஓடுமாமே."

"ஐஸ் அறையோ? கட்டிடம் நிக்குது. எஞ்சின் இன்னும் வரேல்லை, பிள்ளை."

துடைத்துக்கொண்டிருந்த தராசுத் தட்டைக் கீழே வைத்தேன்.

"அப்ப அவரு என்ன வேல பாக்குறாரு?"

செபமாலை என் முகத்தைப் பார்த்தார். பிறகு மெல்லச் சொன்னார்: "மலைநாட்டுப் பொடியன் எண்டால், கம்பளி போத்திக்கொண்டு வள்ளத்திலை போறவன் ஒருத்தன் இருக்கிறான். முதல் மாதம் முழுக்கச் சத்தியும் வாந்தியும்தான். இப்ப பழகீட்டான். நல்ல பொடியன்."

"கடலுக்கா? அவருக்கு ஆத்துல எறங்கவே பயங்க. நீச்சல் தெரியாதுங்க."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பொய் எழுதியிருக்கான் பாத்தியா. நீ பேரை வெட்டாத. அவனைத் திரும்பி வரச் சொல்லு."

"வந்தா வேல குடுப்பாங்களா மொதலாளி?"

அவள் மறுபடியும் செபமாலை பக்கம் திரும்பினாள்.

"போனவங்க திரும்பி வரலைன்னா எப்புடிண்ணே தெரியும்? பெரட்டு மாதிரி பேர் கூப்பிடுவாங்களா?"

"பேர் எழுதுற புத்தகம் அங்கை இல்லை, பிள்ளை. விடிய வள்ளங்கள் வரேக்கை பெண்டுகள் கரையிலை நிண்டு தங்கட ஆளைத் தேடுவினம். காணேல்லை எண்டால் அவைதான் கத்துவினம். பிறகுதான் மற்ற வள்ளங்கள் தேடப் போகும்."

"கரையில ஆள் இல்லாதவங்களுக்கு?"

செபமாலை சிப்பத்துக் கயிற்றை அவிழ்க்கத் தொடங்கினார்.

பூரணி கடிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கினாள்.

"நாளைக்குப் பேர வெட்டச் சொல்லிடுறேன், மொதலாளி."

திட்டத்தான் வாயெடுத்தேன். மனது கேட்கவில்லை. ஓலைக் கொட்டிலும் கால் மைல் தள்ளிக் கிணறும் அவளுக்குத் தெரியாமலா இருக்கிறது? ஆனால் அவளுக்கு இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருந்தது.

"காலைல எத்தன மணிக்குண்ணே வள்ளமெல்லாம் கரைக்கு வரும்?"