அடிக்கனமான கோப்பை

ஞாயிற்றுக்கிழமை வருவதாக அக்கா போன் செய்ததும், அவருடைய மனைவி கேட்ட முதல் கேள்வி, "டீ குடிச்சுட்டுத்தான் போவாங்களா?" என்பதுதான். டீ குடிக்காமல் போகிற ஜென்மமா அவருடைய அக்கா?

மனைவிக்குக் கை நடுங்கத் தொடங்கி ஒரு வருடம் ஆகப்போகிறது. மாத்திரை பாதி நடுக்கத்தைத்தான் அடக்கியிருந்தது. சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. அவர் வீட்டில் இல்லாதபோதுதான் டீ குடிப்பாள். யாராவது வந்தால், இப்போதுதான் குடித்தேன் என்று சமாளிப்பாள். அக்காவிடம் அது பலிக்காது. தோண்டித் துருவிவிடுவாள். மறுநாளே ஊரெல்லாம் தண்டோராதான்.

"அவங்க முன்னாடி ஒரே ஒரு தடவை சிந்தாம குடிச்சுட்டா போதுங்க."

அவர் பிளாஸ்டிக் சாமான் கம்பெனியில் வடிவமைப்பாளர். ஜாடி, கோப்பை, மூடி என்று இவற்றோடுதான் பாதி ஆயுள் குடித்தனம். ஊற்றி நிமிர்த்தியதும் விளிம்பில் ஒரு சொட்டு தொங்கிக்கொண்டு நிற்குமே, அதோடு மல்லுக்கட்டியே தலை நரைத்துவிட்டது. கட்டிய மனைவிக்கு ஒரு கோப்பை செய்து தர முடியாதா? ஏற்கெனவே செய்த இரண்டும் தேறவில்லை. மூன்றாவதற்காக அவளை ஒரு களிமண் உருண்டையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி, விரல் பதிந்த உருண்டையை ஆபீசுக்குக் கொண்டுபோனார். அவர் மறந்துவிட்டுப் போன கண்ணாடியைக் கொடுக்க வந்தவள், கூட வேலை செய்கிற இருவர் அந்த உருண்டையைக் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டாள். கண்ணாடியை வாசலிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டாள். இவருக்கு அது உறைத்தால்தானே? சாயங்காலம் வந்து, "மத்த விரலெல்லாம் பரவாயில்ல, கட்டைவிரல்தான் மோசம்" என்றார்.

"அடுத்த தடவை என்னையே கூட்டிட்டுப் போய் மேசையில வெச்சுடுங்க."

சனிக்கிழமை மூன்றாவது கோப்பை வந்தது. அடிக்கனம், இரண்டு பக்கமும் காது, உறிஞ்சிக் குடிக்க மூக்கு வைத்த மூடி. கவிழ்த்தாலும் சிந்தாது. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. தொட்டில் எங்க?"

அவருக்கு அழுகை வந்தது. சண்டை போடக்கூடத் தெம்பில்லாமல் போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் அக்காவுக்கும் தனக்கும் அவரே டீ கொண்டுவந்து வைத்தார். பின்னாலேயே அடுப்படியிலிருந்து வந்த மனைவியின் கையில் நீல நிற மக் இருந்தது. குளியலறையில் இருந்த பழையது விரிசல் விட்டதால், சனிக்கிழமை வருகிற வழியில் அவர் சரியாகப் பார்க்கக்கூடச் செய்யாமல் வாங்கிவந்த மக். அடியில் கொஞ்சம் டீ. அகலப் பிடிக்குள் நான்கு விரலும் நுழைந்திருந்தன, கட்டைவிரலுக்கு வேலையே இல்லை. கை நடுங்கியது. டீ உள்ளேயே அலைந்துவிட்டு அடங்கியது.

"ஏம்மா, இது குளிக்கிற மக் இல்ல?"

"ஆமா அண்ணி. புதுசுதான், இன்னும் பாத்ரூம் பக்கமே போகல. சின்னக் கப்புல குடிச்சா தொண்டைகூட நனைய மாட்டேங்குது."

"கொழுப்புதான் உனக்கு! அவன் ஊருக்கெல்லாம் கப்பு செஞ்சு தள்றான், பொண்டாட்டி பாரு மக்குல குடிக்கிறா!"

அக்கா சிரித்த சிரிப்பில் அவளுடைய டீதான் தட்டில் சிந்தியது. அவளுடைய கண் மக்கை விட்டு நகரவில்லை. பிடித்திருந்த கையை அவள் பார்க்கவே இல்லை. மனைவி கடைசி வாய்வரை நிதானமாகக் குடித்தாள். அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வயிற்றெரிச்சலாகவும் இருந்தது.

முகம் கழுவலாம் என்று எழுந்து குளியலறைக்குப் போனார். பக்கெட் நிறையத் தண்ணீர். அதில், மூடியைக் கழற்றிவிட்ட அவருடைய கோப்பை இரண்டு காதோடும் சாயாமல் மிதந்துகொண்டிருந்தது. கூடத்தில் இருவரும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கோப்பை மொண்டு உள்ளங்கையில் ஊற்றி நிமிர்த்தினார். விளிம்பில் ஒரு சொட்டுக்கூடத் தொங்கவில்லை.