சோதனைக்கு விட்ட வண்டி

லாரிக்காரர்கள் நடுவில் அவனுக்குக் கரடி என்று பெயர். உறைந்த மீனையும் இறைச்சியையும் ஏற்றிக்கொண்டு நாள்கணக்கில் ஓடுகிறவன், நெஞ்சு வரைக்கும் தாடி, வெயில் காலத்திலும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கம்பளிக் கோட்டு. பிறகு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? முதலில் பனிக்கரடி என்றுதான் வைத்தார்களாம். வாய்க்கு நீளமாக இருந்ததால் பனி உருகிப்போய்க் கரடி மட்டும் தங்கிவிட்டது.

வீடு வாசல் என்று ஒன்று அவனுக்குக் கிடையாது. ஒரு காலத்தில் இருந்தது. மனைவி சண்டை போட்டுப் போகவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. நீண்ட ஓட்டம் முடிந்து அவன் வந்து உட்கார்ந்த ஒரு காலையில், புருஷன் இருந்தாலும் வாழ்ந்துவிடலாம், இல்லாவிட்டாலும் வாழ்ந்துவிடலாம், இருந்தும் இல்லாத ஒருத்தரோடு வாழ முடியவில்லை என்று சொன்னாள். மறுத்துப் பேச அதில் ஒன்றும் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவள் போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்து, வேண்டியதை மட்டும் வண்டியின் கேபினில் ஏற்றிக்கொண்டான். சீட்டுக்குப் பின்னால் ஓர் ஆள் நீட்டிப் படுக்க மெத்தை போட்ட பலகை, அதற்கு மேலே சட்டைகளுக்கு இரண்டு கொக்கி, காலடியில் ஒரு சின்ன ஸ்டவ், கண்ணாடிக்குப் பக்கத்தில் சோப்பு டப்பா. யாராவது கேட்டால், எலி வளையானாலும் தனி வளை வேணுமில்ல என்று சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவான்.

அந்த வளைக்குத்தான் இப்போது சோதனை வந்தது. குளிர்பதன வண்டிக்குக் கொடுத்த சான்றிதழுக்கு ஆயுசு உண்டு. அது முடிந்தால் பெட்டியின் சுவர் இன்னும் குளிரைக் காக்கிறதா, இயந்திரம் ஒழுங்காகக் குளிர்விக்கிறதா என்று மறுபடி சோதித்து முத்திரை வாங்க வேண்டும். முத்திரை இல்லாத வண்டிக்கு எந்தக் குளிர்க்கிடங்கும் சரக்கு ஏற்றாது. லோடு பிடித்துக் கொடுக்கும் ஏஜென்ட் பல வாரமாக நச்சரித்துக்கொண்டிருந்தார். கரடி நாளைக் கடத்தினான். சோதனைக் கூடம் இருந்தது அவன் தங்கை வாழும் ஊரில். அந்த ஊரை அவன் வெளிச்சாலையில் எத்தனையோ முறை சுற்றிக்கொண்டு போயிருக்கிறான், உள்ளே திரும்பியதில்லை. கேட்டால் லோடு அவசரம் என்பான்.

கடைசியில் ஒரு காலையில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினான். சோதனை செய்கிற இன்ஜினியர் ஒரு பெண். தலைமுடியை ஒட்ட வெட்டி, காதில் பென்சில் செருகியிருந்தார். பெட்டியை வெந்நீரில் கழுவிக் காயவைக்கச் சொன்னார். காய்ந்ததும் உள்ளே ஏறி, தர்பூசணி வாங்குகிறவரைப் போலச் சுவர் முழுக்க விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். பின்பக்க மூலையில் நின்றார். அங்கே ஒரு தகரத் துண்டு ஆணி அடித்துப் பொருத்தப்பட்டிருந்தது. இது என்ன என்று கேட்டார். எப்போதோ ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட்காரன் இடித்துவிட்டான், அன்றைக்கே ஒட்டுப் போட்டாகிவிட்டது என்று கரடி சொன்னான். அவர் அந்த இடத்தை மட்டும் இன்னொரு முறை தட்டிப் பார்த்தார்.

பிறகு பெட்டிக்குள் ஹீட்டரையும் விசிறிகளையும் கொண்டுவந்து வைத்தார்கள். சுவரெங்கும் சென்சார் ஒயர்களை ஒட்டினார்கள். குளிருக்குச் சோதனை என்று வரச்சொல்லிவிட்டுச் சூடு போடுகிறீர்களே என்று கரடி கேட்டதற்கு இன்ஜினியர் சிரித்தார். உள்ளே சூடாக்கி, அந்தச் சூடு சுவர் வழியாக எவ்வளவு வெளியே போகிறது என்று அளப்பதுதான் முறை. சூடு வெளியே போகிற வழியில்தான் நாளைக்கு உள்ளேயும் வரும் என்று விளக்கினார். நாளை சாயங்காலம் வந்தால் முடிவு தெரியும், சாவியைக் கொடுத்துவிட்டுப் போகலாம் என்றார்.

கரடிக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"மேடம், நான் கேபின்லயே ஒரு ஓரமா படுத்துக்கறேனே. ஒரு தொந்தரவும் இருக்காது."

"உள்ள யாரும் இருக்கக் கூடாதுங்க. ஒரு ஆளோட உடம்புச் சூடுகூட கணக்கைக் கெடுத்துடும்."

அவர் விதியைத்தான் சொன்னார். வண்டியை விட்ட சோதனை அறையின் கதவு மூடிக்கொண்டது. ஒரு துணிப்பையோடு வாசலில் நின்றபோது, வண்டி பின்னால் இல்லாமல் ஓர் ஊரில் தான் நின்று எத்தனை காலமாயிற்று என்று யோசித்தான். கைக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றினான்.

தங்கையின் வீடு மூன்றாவது மாடியில், இரண்டே அறை. கதவைத் திறந்தவள் ஒரு நொடி ஆளை அடையாளம் தெரியாமல் பார்த்தாள். பிறகு அண்ணா என்று கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். தாடி இவ்வளவு நரைத்துவிட்டது என்று போனில் எப்படித் தெரியும்?

போனில் மற்றதெல்லாம் தெரியும். தினமும் அந்தி சாயும் நேரத்தில் அவன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூப்பிடுவான். அவள் சமையலறையில் போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பேசுவாள். அவளுடைய முழங்கால் வலி, அவள் வேலை பார்க்கும் சலவை நிலையத்து மேனேஜரின் முன்கோபம், மாடிவீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையில் இந்த வாரம் யார் ஜெயித்தார்கள் என்பது வரைக்கும் அவனுக்கு அத்துப்படி. ஊர்கள் கடந்துபோகும், பேச்சு தீராது. நேரில் வந்து எதிரெதிரே உட்கார்ந்தால் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. சாப்பிட்டாயா என்று அவள் கேட்டாள். சாப்பிட்டேன் என்றான். முழங்கால் எப்படி இருக்கிறது என்று அவன் கேட்டான். பரவாயில்லை என்றாள். இருவரும் சத்தம் குறைத்து வைத்திருந்த டிவியைப் பார்த்தார்கள்.

மாப்பிள்ளை வேலையிலிருந்து வந்து, வாங்க மச்சான் என்று முகம் மலரச் சொல்லிவிட்டு, சாலையெல்லாம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். சில இடத்தில் நன்றாக இருக்கிறது, சில இடத்தில் இல்லை என்றான் கரடி. பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள், மாமா உட்காரட்டும் என்று சோபாவில் பரப்பியிருந்த புத்தகங்களை அள்ளிக்கொண்டு போய் சமையலறைத் தரையில் உட்கார்ந்தாள். சமையலறையில் அவள் உட்கார்ந்ததால் தங்கை அவளைத் தாண்டித் தாண்டி நடந்தாள். தங்கைக்கு இடம் விட மாப்பிள்ளை பால்கனிக்குப் போய் நின்றார். யாரும் முகம் சுளிக்கவில்லை. நெரிசலான பஸ்ஸில் ஒருவர் ஏறினால் எல்லோரும் ஒரு சாண் நகர்வார்களே, அதுபோல வீடு முழுவதும் நகர்ந்து கொடுத்தது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மூன்று மணி நேரத்திலேயே கரடிக்கு மூச்சு முட்டியது.

காலாற நடந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினான். தெருமுனை பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சு காலியாக இருந்தது. விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. உட்கார்ந்தவன் கை, பழக்கதோஷத்தில், தானாகவே போனை எடுத்தது. அழுத்திய பிறகுதான் என்ன செய்தோம் என்று தெரிந்தது. அதற்குள் அந்தப் பக்கம் எடுத்தாகிவிட்டது.

"அண்ணா, எங்க இருக்க?"

"பஸ் ஸ்டாப்ல."

"எந்த ஊர்ல?"

கேட்ட பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவனும் சிரித்தான். அவ்வளவுதான், மடை திறந்தது. வண்டிக்குச் சூடு போட்ட கதையைச் சொன்னான். மாடிவீட்டுக்காரி நேற்றுப் புருஷனின் செருப்பை ஜன்னல் வழியாக எறிந்ததையும், அது நேராகக் கீழே மாப்பிள்ளையின் தோளில் விழுந்ததையும் அவள் சொன்னாள். ஒரு பஸ் வந்து நின்று, அவன் ஏறாததைப் பார்த்துவிட்டுப் போனது. அவள் பக்கத்தில் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"அண்ணா, ஒன்னு சொல்லணும். நேர்ல வாய் வரல."

"சொல்லும்மா."

"வண்டி ஒருவேளை பாஸ் ஆகலன்னா உங்கண்ணன் எங்க போவாருன்னு அவர் இப்பதான் கேட்டாரு. அவன் எப்படியும் பொழைச்சுக்குவான்னு சொல்லிட்டேன். இங்க வந்து இருக்கட்டும்னு சொல்லியிருக்கணும்ல? எனக்கு அது வரவே இல்ல."

"ரெண்டு ரூம்ல எங்க இடம் இருக்கு?"

"இடத்துக்காகச் சொல்லல அண்ணா. இடம்னா நெருக்கிக்கலாம். எனக்கே முடியல. எல்லாருக்கும் சமைச்சு, எல்லாருக்கும் பதில் சொல்லி, வேலைக்கும் போயிட்டு... வீட்டுக்குள்ள இன்னொரு ஆளுன்னா பயமா இருக்கு. அது நீயா இருந்தாலும்."

அவள் அழுகிறாள் என்று மூச்சிலிருந்தே தெரிந்தது. எத்தனை வருடமாக அந்த மூச்சைக் கேட்கிறான்.

"நான் கேக்கவே இல்லையே," என்றான். "கேக்காததுக்கு யாராவது அழுவாங்களா? போய் மூஞ்சியைக் கழுவு. பாப்பா பாத்துடப் போறா."

அவளைத் தேற்றி, இன்னொரு வேடிக்கை சொல்லிச் சிரிக்க வைத்து, போனை வைத்தான். அவன் கேட்டதில்லை என்பது உண்மைதான். கேட்கவேண்டும் என்று நினைத்தது கூட இல்லை. ஆனாலும் எங்கும் போக்கிடம் இல்லாமல் போனால் அங்கே ஒரு கதவு இருக்கிறது என்று மனசு தன்பாட்டில் ஒரு கணக்கு வைத்திருந்திருக்கிறது. அந்தக் கதவு மூடியபோதுதான், இதுநாள் வரை அது திறந்திருந்ததாகத் தான் நம்பி வந்தது அவனுக்குத் தெரிந்தது. தங்கை மேல் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அன்றிரவு சோபாவில் காலை மடக்கிப் படுத்து, விடிந்ததும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, போர்வையை மடித்து வைத்துவிட்டுக் கிளம்பினான். இரு அண்ணா என்றாள் அவள். வண்டியைப் பார்க்கவேண்டும் என்றான். பகல் முழுவதும் சோதனைக் கூடத்து எதிரில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்திருந்தான்.

சாயங்காலம் இன்ஜினியர் அவனைக் கூப்பிட்டு ஒரு படத்தைக் காட்டினார். சூட்டை நிறமாகக் காட்டும் கேமராவில் எடுத்தது. பெட்டி முழுக்க நீலமாக இருந்தது. ஒட்டுப் போட்ட மூலையிலிருந்து தரை வரைக்கும் மட்டும் மஞ்சள் கறை பரவிக் கிடந்தது.

"வெளியில பாத்தா நல்லாத்தான் இருக்கு. உள்ளுக்குள்ள தண்ணி இறங்கி, சுவர்ல இருக்கற ஃபோம் ஊறிப் போச்சு. பல வருஷமா இறங்கியிருக்கும்."

குளிரூட்டும் இயந்திரத்தில் ஒரு குறையும் இல்லை என்றார். பெட்டிதான் உறைந்த சரக்குக்குத் தாங்காது. அந்த வகுப்பில் முத்திரை தர முடியாது; ஒரு படி கீழே, காய்கறி, பால், பூ போன்ற குளிர்ந்த சரக்குக்குத் தரலாம். சுவரை மட்டும் திறந்து சரிசெய்ய வழி உண்டா என்று கரடி கேட்டான். ஊறினது ஊறினதுதான், வேறு பெட்டியே கட்ட வேண்டியிருக்கும், அதற்கு இந்த வயசான வண்டி லாயக்கில்லை என்றார். அவன் முகம் போன போக்கைப் பார்த்துத் தேற்ற நினைத்தார் போலும்.

"ஒரு விதத்துல நல்லதுங்க. காய்கறின்னா பக்கத்து ஓட்டம்தான். விடிகாலைல ஏத்தினா மதியத்துக்குள்ள இறக்கிடலாம். தினமும் வீட்டுக்குப் போயிடலாம்."

ஆமாங்க என்றான் கரடி. அவரிடம் வேறு என்ன சொல்வது?

ஏஜென்ட் ஒரு மணி நேரத்தில் வேலை பிடித்துக் கொடுத்தார். ஊருக்கு வெளியே இருக்கும் தோட்டங்களிலிருந்து கீரையும் தக்காளியும் ஏற்றி ஊருக்குள் கடைகளில் இறக்கவேண்டும். தங்கை வாழும் அதே ஊர். ஊருக்குள் தெருவில் வண்டியை நிறுத்தி அதிலேயே படுக்க விடமாட்டார்கள். டயர் கடைக்கு மேலே ஓர் அறை வாடகைக்குக் கிடைத்தது. கட்டில் வாங்கினான். தலையணையை ஜோடியாகத்தான் விற்போம் என்று கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார். எனக்குத் தலை ஒன்றுதான் என்றான் கரடி. அவர் சிரித்தாரே தவிர ஜோடியைப் பிரிக்கவில்லை.

மதியத்துக்குள் வேலை முடிந்துவிடும். அதற்கு மேல் பகல் முழுசாக எதிரில் நிற்கும். கூரை எட்டாத உயரத்தில் இருந்தது. முதல் சில நாள் கட்டிலைச் சுவரோடு தள்ளி, பாதம் சுவரில் முட்டும்படி படுத்துப் பார்த்தான். இயந்திரம் உறுமாத அமைதியில் தூக்கம் பிடிக்கவில்லை. தோட்டத்தில் ஏற்றுகிறவர்களுக்கு அவன் பழைய பெயர் தெரியாது. அவனை அண்ணே என்றுதான் கூப்பிட்டார்கள். கம்பளிக் கோட்டுக்கு வேலை இல்லை. ஒருநாள் முடிவெட்டுகிறவர் தாடியைக் கொஞ்சம் குறைக்கட்டுமா என்றார், சரி என்றான். திரும்பி வரும்போது டயர் கடைக்காரர் இவனைப் பார்த்துவிட்டு, மாடியில் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

தங்கைக்கு அறை பார்த்த விஷயத்தைப் போனில்தான் சொன்னான். அவள் நிம்மதிப்பட்டதும், அந்த நிம்மதிக்காக வெட்கப்பட்டதும் ஒரே மூச்சில் கேட்டது. வருகிறேன் வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவனும் வா வா என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

ஒரு விடுமுறை நாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றாள். கையில் ஒரு வாளியும் துடைப்பமும் இருந்தன. அறையைச் சுற்றிப் பார்த்தாள். பெருக்க ஒன்றும் இல்லை. டீ போடட்டுமா என்று கேட்டான். அப்புறம் என்றாள். பிறகு அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, கொஞ்ச நேரம் சாய்ந்துக்கட்டுமா அண்ணா என்று கேட்டாள். படுத்தவள், அவன் அந்த இரண்டாவது தலையணையை நகர்த்திக் கொடுப்பதற்குள் தூங்கிப்போனாள்.

கீழே யாரோ டயரைச் சுத்தியால் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவள் அசையவில்லை. அவளைக் கேள்வி கேட்க அங்கே யாரும் இல்லை. கரடி ஸ்டூலை ஜன்னல் பக்கம் சத்தமில்லாமல் தூக்கிப் போட்டு, வெயில் அவள் முகத்தில் விழாதபடி உட்கார்ந்துகொண்டான். பேச ஒன்றும் தோன்றவில்லை. பேசவேண்டிய அவசியமும் இருக்கவில்லை. வெயில் இறங்கும் வரைக்கும் அவள் தூங்கினாள்.