நில் என்று சொல்பவர்கள்

1

ஒருவர் என் கடைக்கு வந்து வலிப்புக் குளிசை ஒன்றைக் காட்டி, "மிஸ், இதை விட்டால் என்ன நடக்கும்?" என்று கேட்டார். இந்தக் கதை அங்கேதான் தொடங்கியது.

மன்னார் நகரில் சிறிய மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பெயர் கைருன்னிசா. மத்தியானத்தில் ஆட்கள் குறைந்ததும் மருந்துப் பெட்டி அட்டைகளின் பின்பக்கத்தில் கதை எழுதுவேன். அன்று அவரிடம், "திடீரென்று விட்டால் முந்தியதைவிட மோசமாக வலிப்பு வரும், விட்டிராதேங்கோ" என்றேன். அவர் ஏன் அப்படிக் கேட்டார் என்று கேட்கவில்லை. பின்னால் இரண்டு பேர் நின்றார்கள். கேட்காமல் விட்டதற்காகவே எழுதுகிறேன்.

(எழுதிய பிறகுதான் அவரிடமும் மனைவியிடமும் அனுமதி கேட்டேன். பெயரை மாற்றச் சொன்னார்கள். 'சந்தியோகு' அவர் தேர்ந்தது. 'மாக்கிறட்' அவருடைய மனைவி தனக்குத் தேர்ந்தது.)

2

முதல் தொடக்கம்: ஓலைத்தொடுவாய்க் கடல் அன்று கண்ணாடி போல

வேண்டாம். கடலில் நிற்பவர் எவரும் அதைக் கண்ணாடி என்று சொல்லிக் கேட்டதில்லை.

இரண்டாவது: சந்தியோகுவுக்கு நாற்பத்தொரு வயது. ஓலைத்தொடுவாயில் நண்டுவலை போடுகிறவர். ஐந்து வருடங்களுக்கு முன் அவருக்கு வலிப்பு வரத் தொடங்கியது. ஒவ்வொரு வலிப்புக்கும் முன்னால் ஓர் அரை நிமிடம் வரும். அதை அவர் எனக்குச் சொன்ன விதம் இது:

"முதல் எஞ்சின் சத்தம் தூரப் போயிடும், மிஸ். பிறகு வலையிலை சொட்டுற தண்ணி ஒவ்வொரு சொட்டாக் கேக்கும். வெளிச்சம் மேலையிருந்து வராது, எல்லாத்துக்குள்ளையும் இருந்து வரும். நண்டின்ரை காலுக்குள்ளையும். இது எல்லாம் எனக்கு முந்தியே தெரியும் எண்டிருக்கும். அழுகை வரும். சந்தோசத்திலைதான்."

குளிசை தொடங்கியதும் வலிப்பு நின்றது. மூன்று வருடம் ஒன்றும் வரவில்லை. அந்த அரை நிமிடமும் வரவில்லை.

3

மாக்கிறட்டை நான் முதலில் பிழையாக எழுதினேன். தினமும் பின்னேரம் கணவன் முன்னால் தண்ணீர்க் கோப்பையோடு நிற்பவர், வாயைத் திறந்து காட்டச் சொல்பவர், அவர் ஓட்டாதபடி சைக்கிளைப் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்பவர். ஒரு பொலிஸ்காரி.

பிறகு அவரே டொக்டர் சொன்னதை எனக்கு விளக்கினார்.

"மண்டைக்குள்ளை ரெண்டு கூட்டம் இருக்காம். ஒண்டு 'போ, போ' எண்டு தூண்டுமாம். மற்றது 'நில்' எண்டு அடக்குமாம். ரெண்டும் சரிசமனா இழுத்தாத்தான் ஆள் ஆளா இருக்கலாமாம். இவருக்கு நில் எண்டு சொல்லுறவை காணாது. குளிசை அவைக்குத் துணை."

[இங்கே ஒரு சிறு குறிப்பு. அடக்கும் நரம்புக்கலம் சும்மா இருக்கும் கலம் என்று எண்ணியிருந்தேன். அப்படியல்ல. நில் என்று சொல்லவும் அது துடிக்க வேண்டும். சில இடங்களில் மற்றவற்றைவிட வேகமாகவே துடிக்கிறது. இதை வாசித்த பிறகு 'பொலிஸ்காரி' என்ற சொல்லை வெட்டினேன்.]

4

என்னிடம் கேட்டுவிட்டுப் போன பிறகு, சந்தியோகு குளிசையை நாக்குக்கு அடியில் ஒளித்து, கிணற்றடியில் துப்பத் தொடங்கினார். ஒன்பது நாள்.

ஒன்பதாம் நாள் காலை அவரும் மாக்கிறட்டின் தம்பி கிறகரியும் படகில் நின்று வலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். எஞ்சின் சத்தம் தூரப் போனது.

"கிறகரி, கேளடா" என்றார் சந்தியோகு.

"என்னத்தை அத்தான்?"

கிறகரி திரும்பிப் பார்த்தபோது அவருடைய முகம் நனைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தார். அடுத்த கணம் உடம்பு விறைத்து, வலையோடு தண்ணீருக்குள் போனார்.

கிறகரி குதித்தான். கத்தியால் வலையை அறுத்து, துடித்த உடம்பின் தாடையைத் தண்ணீருக்கு மேலே பிடித்துக்கொண்டான். சந்தியோகுவின் முழங்கை பட்டு அவனுடைய முன்பல் உடைந்தது. பிடியை விடவில்லை. பக்கத்துப் படகு வந்துதான் இருவரையும் தூக்கியது.

5

ஆசுபத்திரியில் டொக்டர், "மருந்தை விட்டனீங்களோ?" என்று கேட்டார். சந்தியோகு ஓம் என்று தலையாட்டினார். டொக்டர் போன பிறகு மாக்கிறட் கதிரையைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு அதில் இருந்தார்.

"ஏன் விட்டனீங்கள்?"

அரை நிமிடத்தைப் பற்றி அன்றுதான் அவர் மனைவிக்குச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு மாக்கிறட் கேட்டது ஒன்றுதான்.

"அதுக்குள்ளை நான் இருந்தனானோ?"

6

முடிவு, முதற்படி: "ஓம், இருந்தனி" என்றார்.

(பொய். வாசிக்கும்போதே தெரிகிறது.)

முடிவு, இரண்டாம்படி: "இல்லை" என்றார். மாக்கிறட் எழுந்து

(எழுந்து எங்கே போவார்? நிறுத்திவிட்டேன்.)

குளிசை வாங்க வந்த சந்தியோகுவிடமே கேட்டேன். "அதுக்குள்ளை ஆக்கள் ஒருத்தரும் இல்லை, மிஸ். நானும் இல்லை" என்றார். மாக்கிறட் அக்காவிடம் இதைச் சொன்னீர்களா என்றேன். சொல்லவில்லை. மூன்று மாதமாக மாக்கிறட் திரும்பக் கேட்கவுமில்லை. குளிசையை மேசையில் வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய்விடுகிறாராம். வாயைத் திறக்கச் சொல்வதில்லை. சந்தியோகு தானே எடுத்து விழுங்குகிறார்.

"நீங்கள் ஒரு நல்ல பதிலா எழுதித் தாங்கோ, மிஸ். நான் போய்ச் சொல்லுறன்."

வேறொருவரின் மனைவிக்கு நான் பதில் எழுதுவதா? மாட்டேன் என்றேன். குளிசைப் பையை வாங்கிக்கொண்டு வெளியே போனார்.

தெருவின் மறுபக்கம் மாக்கிறட் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்தியோகு அவருக்கு முன்னால் போய் நின்று பேசத் தொடங்கினார். நடுவில் ஒரு பஸ் போனது. பஸ் போன பிறகும் பேசிக்கொண்டிருந்தார். மாக்கிறட் தலையைச் சரித்துக் கேட்டார். பிறகு அவருடைய தோளில் ஓங்கி ஓர் அடி போட்டார். போட்ட கையை எடுக்கவில்லை.

கடைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. கதவைத் திறந்தால் கேட்டிருக்கும். கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டேன். வாசிக்கிற நீங்கள் திறப்பதென்றால் திறவுங்கள்; கீழே இடம் விட்டிருக்கிறேன்.

சந்தியோகு சொன்னது: